மொரிஸ் மைனரா, நிசான் சன்னியா? இறக்கத்தில் வைத்துப் பாருங்கள்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு மூன்று கிலோமீற்றர் தோட்டப் பாதை. மழை பெய்தால் சேறுதான். பிறகு பாடசாலைக்குப் பதினொரு கிலோமீற்றர் தார் வீதி. மாதம் ஒரு தடவை அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக் கூட்டிப் போக வேண்டும். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, நான் என ஐந்து பேர். ஏறக்குறைய ஒரே விலைக்கு இரண்டு கார்கள் வந்திருக்கின்றன. ஒன்று 1966 மொரிஸ் மைனர் 1000, நாலு கதவு. புதிதாகப் பெயின்ற் அடித்து, அடிப்பாகத்துக்குக் கறுப்புப் பூச்சும் பூசியிருக்கிறார்கள். மற்றது 1991 நிசான் சன்னி எப்.பி.13, மெனுவல் கியர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் சுற்று 1,000க்கும் 1,800க்கும் இடையில் ஏறி இறங்குகிறது, பெற்றோல் மணக்கிறது. குளிருக்கு அப்படித்தான் என்கிறார் விற்பவர். அப்பா மைனரைத்தான் எடுக்கச் சொல்கிறார். "துரைமார் ஓட்டிய வண்டி, மலைக்கென்றே செய்தது" என்பது அவர் பேச்சு. எதை எடுக்கலாம்?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மாதந்தோறும் கண்டிக்கு இறங்கி ஏற வேண்டிய குடும்பத்துக்குச் சன்னிதான் சரி. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நிலையில் அந்தச் சன்னிக்குக் கேட்ட விலையைக் கொடுக்காதீர்கள். சுற்று ஏறி இறங்கும் விஷயம் தெளிவாகும்வரை முற்பணமும் வேண்டாம். மைனரைப் பற்றி உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியிலிருந்தே தொடங்குகிறேன்.

மைனர் மலைக்கென்று செய்த வண்டி இல்லை. அலெக் இஸிகோனிஸ் இங்கிலாந்தின் சாதாரணக் குடும்பங்களை மனதில் வைத்து வடிவமைத்து, 1948இல் வெளிவந்த கார் அது. மலையில் அது பெயரெடுத்ததற்குக் காரணம் அதன் எஞ்சின். 1966 வண்டியில் இருக்க வேண்டியது 1098 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின். சிலிண்டர் விட்டம் 64.58 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 83.72 மில்லிமீற்றர். ஓட்டம் இப்படி நீளமாக இருப்பதால் நிமிடத்துக்கு 2,500 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடும். மூன்றாம் கியரில் அவசரமில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும். சன்னியின் ஜி.ஏ.15.டி.எஸ் எஞ்சின் 1497 சிசி, 16 வால்வு. மைனரின் 48 குதிரைவலுவுக்கு எதிராக இதற்கு 94. ஆனால் அந்த 94 கிடைப்பது 6,000 சுற்றில், இழுவையின் உச்சம் 3,600 சுற்றில். சன்னி ஏற்றத்தில் திணறுகிறது என்பவர்கள் பெரும்பாலும் மைனர் ஓட்டிய பழக்கத்தில் நாலாம் கியரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள். மூன்றுக்கு, தேவையானால் இரண்டுக்கு நேரத்தோடு இறக்கினால் அது ஐந்து பேரோடும் ஏறும்.

உயரமும் இதில் கைவைக்கும். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய 14 வீதம் குறைவு, எஞ்சின் வலுவும் அதே அளவில் குறையும். மைனரிடம் மிஞ்சுவது 41 குதிரைவலு, சன்னியிடம் 81. நுவரெலியாவின் 1,868 மீற்றருக்குப் போனால் இழப்பு 20 வீதத்தை நெருங்கும். ஐந்து பேருடன் கினிகத்தேனையிலிருந்து வட்டவளைக்கு ஏறும்போது பின்னால் வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு விட்டுத்தான் மைனரில் வர வேண்டும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாதது இறக்கம்.

ஹட்டனிலிருந்து கண்டிக்கு நீங்கள் இறங்கும் உயரம் சுமார் 770 மீற்றர். ஆட்களோடு சேர்த்து மைனரின் எடை 1,100 கிலோ என்று வைத்தால், அந்த இறக்கத்தில் எங்கேயாவது போய்த் தீர வேண்டிய சக்தி 25 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. சரியான கியரில் வந்தால் அதில் பெரும் பங்கை எஞ்சினும் டயரும் காற்றும் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு பெற்றோல் மிச்சம் பிடித்தால் அத்தனையும் பிரேக்கின் தலையில் விழும்.

மைனரின் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். 1098 மொடலில் முன்னால் 8 அங்குலம், பின்னால் 7. டிரம் சூடேறினால் விரிந்து ஷூவைவிட்டு விலகும், அதனால் பெடல் கீழே போகும். லைனிங்கும் சூட்டில் பிடியை இழக்கும். இரண்டும் சேர்ந்து நடக்கும்போது ஓட்டுபவருக்குப் பிரேக்கே இல்லாதது போலிருக்கும். அதைவிட மோசமானது, முழு வண்டிக்கும் ஒரே பிரேக் ஒயில் வழி. ஒரு சக்கரத்தின் பிரேக் ரப்பர் கிழிந்தாலும் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும், கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். பெடலின் அழுத்தத்தை எல்லாச் சக்கரத்துக்கும் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் இருக்கும் இடமோ சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே. உங்கள் பாதையின் சேற்றுத் தண்ணீர் நேராக அதன்மேல் அடிக்கும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. மைனரின் முன் பிரேக்கில் சக்கரத்துக்கு இரண்டு சிலிண்டர். இரண்டு ஷூக்களும் வண்டி முன்னே போகும்போது தானாக இழுத்து இறுகும்படி அமைந்தவை. வண்டி பின்னே உருளும்போது அந்த இறுக்கம் கிடைக்காது. ஆகவே ஏற்றத்தில் நிறுத்தினால் கால் பிரேக் எதிர்பார்த்த அளவு தாங்காது. ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் உடனே ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிடும் பழக்கம் வேண்டும். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தைத் தானாகப் பொருத்தும் அமைப்பு) இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றாம் கியருக்கு இறக்க வேண்டுமானால், கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டு அக்சிலேற்றரை ஒரு தடவை கொடுத்து, மறுபடி கிளச் மிதித்துப் போட வேண்டும். பழகினால் வரும். பழகாதவர் அதே வளைவில் நின்றுவிடுவார்.

சன்னியின் முன் சக்கரத்தில் டிஸ்க். டிஸ்க் சூட்டில் தடிக்கும், அதைப் பிடிக்கும் பிரேக் பாட்டை விட்டு விலகாது, காற்றிலும் சீக்கிரம் ஆறும். பிரேக் ஒயில் வழி இரண்டாகக் குறுக்காகப் பிரிந்திருப்பதால் ஒன்று போனாலும் ஒரு முன் சக்கரமும் ஒரு பின் சக்கரமும் பிடிக்கும். பெடலை இலகுவாக்கும் வக்குவம் உதவியும் உண்டு. ஆனால் அந்த உதவி எஞ்சின் ஓடும்வரைதான். இறக்கத்தில் எஞ்சினை அணைத்தால் இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். இரண்டு காருக்கும் பொதுவான விதி ஒன்று: எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். கால் பிரேக்கை லேசாக வைத்துக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து முழுதாக விடுங்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், குடித்ததும் அதன் கொதிநிலை இறங்கிவிடும். மலையகத்தின் ஈரக் காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை டொட் 4 பிரேக் ஒயிலைப் புதிதாக மாற்றாமல் ஓட்டுவது கூடாது. நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதி போன்ற இடங்களில் கேள்விப்படும் பிரேக் பழுதுகளில் சூடேறிக் கைவிட்ட பிரேக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி அந்தச் சன்னியின் சுற்று ஏறி இறங்கும் விஷயம். இதைக் குளிர் என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். குளிர் எஞ்சின் சோக்கில் கூடுதல் சுற்றில் ஓடும், ஆனால் ஒரே அளவில் நின்று, சூடேறச் சூடேறப் படிப்படியாக இறங்கும். ஏறி ஏறி இறங்கினால் காரணம் வேறு. இந்த எஞ்சினில் பெற்றோலையும் காற்றையும் கலப்பது எலெக்ட்ரோனிக் கட்டுப்பாட்டுக் காபரேற்றர். கம்பியூட்டர் சென்சர்களின் தகவலை வைத்துப் பெற்றோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும். பழைய காபரேற்றரின் சிறு துளைகளும் புதிய மின்சாரமும் சந்திக்கும் இடம் அது, சன்னியின் மிகப் பலவீனமான உறுப்பும் அதுவே.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, மின்விசிறி ஒரு தடவை ஓடி நின்றதும், சுற்றைப் பாருங்கள். 750, 800 அளவில் நின்றுவிட்டால் கோளாறு சோக் பக்கம் அல்லது தண்ணீர்ச் சூட்டு சென்சர் பக்கம். செலவு பெரிதில்லை. சூட்டிலும் ஆடினால் காற்றுக் கசிவைச் சந்தேகியுங்கள். கராஜ் பாஸிடம் சொல்லி, காபரேற்றர் அடியிலுள்ள தடித்த பக்கிங்கைச் சுற்றியும் மெல்லிய வக்குவம் குழாய்கள் மேலும் காபரேற்றர் கிளீனரைச் சொட்டுச் சொட்டாக விசிறச் சொல்லுங்கள். (எக்ஸோஸ்ட் சூடாக இருக்கும் பக்கம் விசிறக் கூடாது, தீப்பிடிக்கும்.) எந்த இடத்தில் விசிறும்போது சுற்று மாறுகிறதோ அங்கேதான் கசிவு. பக்கிங்கும் ஒரு மீற்றர் வக்குவம் குழாயும் மாற்றினால் தீர்ந்துவிடும். எங்கேயும் மாற்றமில்லை, பெற்றோல் மணம் மட்டும் இருக்கிறது, எக்ஸோஸ்ட் வாய் கரியாகக் கறுத்திருக்கிறது என்றால், மிதவை அறையில் பெற்றோல் மட்டம் கூடியிருக்கலாம், அல்லது பெற்றோலைத் திறந்து மூடும் மின் வால்வான சொலனோயிட் போயிருக்கலாம். அப்போது விலைபேச்சில் ஒரு முழுக் காபரேற்றர் மாற்றும் செலவைக் கழியுங்கள். பலர் இந்தக் காபரேற்றரைக் கழற்றிவிட்டுக் கம்பியூட்டர் இல்லாத சாதாரணக் காபரேற்றர் பூட்டியிருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலைப் பாதையில் நடுவழியில் திருத்தக்கூடியது அதுதான். ஆனால் பூட்டிய பிறகு புகைப் பரிசோதனையில் தேறுகிறதா என்று பார்த்த பின்பே பாஸுக்கு முழுக் காசையும் கொடுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது.

சன்னியில் மேலும் பார்க்க வேண்டியவை: ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் முன் அக்சில் மூட்டு தேய்ந்திருக்கிறது. ரப்பர் உறை கிழிந்து சேறு உள்ளே போனதுதான் அநேகமாகக் காரணம். ஐந்தாம் கியரில் ஓடும்போது அக்சிலேற்றரை விட்டு மறுபடி கொடுங்கள். கியர் தானாகக் கழன்றால் பெட்டி திறக்க வேண்டும். டைமிங்குக்கு பெல்ட் இல்லை, செயின். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு விநாடி சலசலப்பைப் பொறுக்கலாம், சூட்டிலும் தொடர்ந்தால் செயினும் டென்ஷனரும் மாற்ற வேண்டிய வேலை. அதனால் வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிராக இருக்க வேண்டும். போவதற்கு முன் விற்பவர் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் போங்கள். துருவைத் தேட வேண்டிய இடங்கள் பொனட்டைத் திறந்தால் தெரியும் இரு பக்க சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் தலைகள், பின் சக்கர வளைவுகள், டிக்கியில் ஸ்பெயார் டயரின் கீழ்த் தரை.

குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே செங்கல் நிறத் தண்ணீர் இருந்தால், வருடக்கணக்கில் பீலித் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மைனரின் எஞ்சின் முழுதும் வார்ப்பிரும்பு, அதை ஓரளவு தாங்கும். சன்னியின் ஹெட் அலுமினியம், வெறுந்தண்ணீர் அதை அரித்துவிடும், கஸ்கட் ஓரத்தில் குழி விழும். ஹட்டன் உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதிக்கும். அழுத்தம் பிடிக்கும் மூடி வேலை செய்தால்தான் அந்தக் கொதிநிலை மேலே போகும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் ஏற்றத்தில் எஞ்சின் கொதிப்பதற்கு வேறு காரணமே தேவையில்லை. வாங்கியதும் ரேடியேட்டரைக் கழுவி, தேர்மோஸ்டற்றும் மூடியும் குழாய்களும் புதிதாகப் போட்டு, கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி ஊற்றுங்கள். "மலையில் குளிர்தானே" என்று தேர்மோஸ்டற்றைக் கழற்றிப் போட்டு ஓட்டும் வழக்கம் தவறு. எஞ்சின் சூடேறாமலே ஓடினால் பெற்றோல் கூடும், சிலிண்டர் சீக்கிரம் தேயும்.

மைனருக்கு வருகிறேன். புதுப் பெயின்றும் புதுக் கறுப்புப் பூச்சும் சேர்ந்திருக்கும் பழைய வண்டி என்றால் அடியில் என்ன மறைந்திருக்கிறது என்று தேட வேண்டும். இந்தக் காருக்குத் தனிச் சேசி இல்லை. உடலே சேசி. ஆகவே துரு என்பது இதில் எலும்பு நோய். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவுக்குக் கீழுள்ள சில் முழுதும் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் துருவை மூடிய பட்டிதான் இருக்கிறது. ஸ்க்ரூட்ரைவரின் கைப்பிடியால் அடிப்பாகத்தைத் தட்டுங்கள். இரும்பு கணீரென்று கேட்கும், பட்டி பொத்தென்று கேட்கும். முக்கியமான இடம் முன் சீட்டுக்கடியில் குறுக்கே போகும் இரும்புக் கட்டை. முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக முறுகும் டோர்ஷன் பார்கள் வந்து முடிவது அதில்தான். அது இற்றுப்போனால் வண்டி ஒரு பக்கம் சாயும், முடிவில் உடைந்தே போகும். சமதரையில் நிறுத்தி இரு முன் சக்கரங்களிலும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை அளந்தால் சாய்வு தெரியும். பிறகு ஜாக்கி இடத்தில் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுக் கதவுகளைத் திறந்து மூடுங்கள். தூக்கிய பிறகு கதவு இடிபட்டால், உடல் வளைகிறது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிந்தாலும்.

உடல் தேறினால் முன் சக்கர முழங்கால். மைனரின் நிமிர்ந்த தண்டு கீழே திருகு இழைகள் கொண்ட ட்ரனியன் என்ற மூட்டில் நிற்கிறது. கிறீஸ் போடாமல் அந்த இழை தேய்ந்தால் தண்டு கழன்று, சக்கரம் ஓடும்போதே உள்ளே மடங்கும். மைனரின் மிகப் பெரிய ஆபத்து இது. முழுக்க முழுக்க கவனக்குறைவால் மட்டும் வருவதும் இதுதான். சக்கரத்தை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வாங்கினால், தயாரிப்பாளர் சொன்ன இடைவெளி உங்கள் பாதைக்குப் போதாது. 1,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை, பழைய கறுத்த கிறீஸ் வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும்வரை நாலு நிப்பிளிலும் அடிக்க வேண்டும். உங்கள் ஓட்டத்துக்கு ஏறக்குறைய ஐந்து வாரத்துக்கு ஒரு முறை. கிறீஸ் கன் சொந்தமாக வைத்துக்கொள்ளாதவர் மைனர் வாங்கக் கூடாது.

இன்னும் ஒன்று. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. மைனரின் எக்ஸோஸ்ட் வால்வு இருக்கைகள் அந்த ஈயத்தை நம்பிச் செய்தவை. இப்போதைய பெற்றோலில், நீண்ட ஏற்றங்களில், வால்வு சிறிது சிறிதாக ஹெட்டுக்குள் இறங்கும். அடையாளம் எளிது: 0.012 அங்குலத்துக்குச் சரி செய்த வால்வு இடைவெளி சில மாதங்களில் தானாகக் குறைந்திருக்கும். ஹெட்டில் கடினமான இருக்கைகள் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். பில் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் இலக்கத்தைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுவதும் மைனருக்குக் கட்டாயம். பல மைனர்களில் பிற்காலத்து ஜப்பான் எஞ்சின் ஏறியிருக்கிறது. அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் ஏறியிருக்க வேண்டும். எஞ்சின் மட்டும் மாறி, முன்னால் அதே பழைய டிரம் இருந்தால் அந்த வண்டி ஓடும் வேகத்துக்கும் நிற்கும் வலுவுக்கும் பொருத்தமே இருக்காது.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. மைனரில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் உடலோடு இணையும். மாற்றியமைக்காத வண்டியில் இன்றைய ரேடியோவையோ எல்.ஈ.டி. பல்பையோ பூட்டினால் வேலை செய்யாது, எரிந்தும் போகலாம். அதன் டைனமோ அதிகபட்சம் 22 அம்பியர் தரும், மெதுவாக ஓடும்போது அதுவும் இல்லை. கொட்டகலைப் பக்கம் மழையும் மூடுபனியும் சேர்ந்த மாலையில் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் மூன்றும் ஓடினால் பற்றரி இறங்கிக்கொண்டே வரும். சன்னியில் ஒல்டனேற்றர் இருக்கிறது. பின் கண்ணாடிப் பனியை நீக்கும் கம்பிகளும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். அம்மாவோடு ஐந்து பேர் மூச்சுவிடும் காரில் கண்ணாடி மூடிக்கொள்வது சின்ன விஷயமில்லை.

பாகங்களில் நிலைமை தலைகீழ். 1966 வண்டிக்குப் புதிய பாகம் கிடைப்பது 1991 வண்டியைவிட எளிது. மைனருக்கு ட்ரனியன், கிங் பின், பிரேக் சிலிண்டர், மட்கார்ட்வரை இன்றும் செய்கிறார்கள். 1990களில் மைனரின் உடற்தகடுகள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின. சன்னியின் பிரேக் பாட், கிளச், அக்சில் மூட்டு எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அந்த மொடலுக்கே உரிய லாம்பு, கதவு ரப்பர், உள்தட்டு போன்றவற்றைக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பிரித்த வண்டிகளில்தான் தேட வேண்டும். உடைந்த லாம்பு, தொங்கும் ரப்பர் எல்லாவற்றையும் பட்டியலிட்டு விலை பேசும்போதே கழியுங்கள். பெற்றோல் செலவில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். மலையில் ஆட்களோடு இரண்டும் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் அளவில்தான் நிற்கும்.

இப்போது உங்கள் அப்பா சொன்னதில் சரியான பாதி: அந்த மூன்று கிலோமீற்றர். மைனருக்கு இழுவை பின் சக்கரத்தில். ஏற்றத்தில் எடை பின்னால் சாயும், பின் சீட்டில் ஆட்களும் இருந்தால் இழுக்கும் சக்கரத்தின்மேல் பாரம் கூடும். 14 அங்குல ஒடுங்கிய டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கீழுள்ள கெட்டி மண்ணைப் பிடிக்கும். அடிவயிறும் தரையிலிருந்து 170 மில்லிமீற்றர் அளவு உயரம். சன்னிக்கு இழுவை முன் சக்கரத்தில். ஏற்றத்தில் அதே சக்கரங்கள்தான் பாரம் குறைந்து மண்ணில் சுழலும். ஆகவே காசு கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது: மழை விட்ட மறுநாள், விற்பவரையும் ஏற்றிக்கொண்டு, பின் சீட்டில் மூன்று பேரோடு உங்கள் தோட்டப் பாதையில் சன்னியை ஏற்றிப் பாருங்கள். இரண்டாம் கியரில் சீரான வேகத்தில், நிறுத்தாமல். சறுக்கும் இடம் ஒன்று இரண்டுதான் என்றால், அங்கே பின் சீட்டு ஆட்கள் இறங்கிக்கொள்ளலாம், அல்லது சக்கரத் தடத்தில் கல் நிரவலாம். முன் இரண்டு டயரும் எப்போதும் புதியவையாக, ஆழமான பூவோடு இருக்கட்டும். எஞ்சின் அடியில் ஒரு இரும்புத் தகட்டுக் காப்பு போட்டால் ஒயில் சம்ப் கல்லில் உடையாது. முற்றாக மாட்டிக்கொண்டால், திருப்ப இடமிருக்கும் பட்சத்தில் ரிவர்ஸில் ஏற்றுங்கள். அப்போது பாரம் இழுக்கும் சக்கரத்தின் பக்கம் சாயும்.

அதே நாளில் பிரேக்கையும் முடித்துவிடுங்கள். நிற்கும் வண்டியில் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. எஞ்சினை அணைத்துப் பெடலை ஐந்து தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுத் தானாக இறங்கினால் வக்குவம் பூஸ்டர் நல்லது. ஏற்றத்தில் ஒரு தடவை, இறக்கத்தில் ஒரு தடவை ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். பிறகு நீண்ட இறக்கமொன்றில் இரண்டாம் கியரில், அக்சிலேற்றரைத் தொடாமல் ஒரு நிமிடம் இறங்கி, அடியில் வந்ததும் அக்சிலேற்றரை அழுத்திக் கொடுங்கள். கண்ணாடியில் நீலப் புகை ஒரு வீச்சில் வந்து மறைந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏற்றத்திலும் நீலப் புகை விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது. அது எஞ்சின் வேலை, விலையில் பாதியைத் தின்னும்.

தோட்டப் பாதையை அந்தச் சன்னியால் ஏறவே முடியவில்லை என்று தெரிந்தால், பிரதான வீதியோரம் தெரிந்த வீட்டில் காரை நிறுத்திவிட்டு மூன்று கிலோமீற்றரை வேறு விதமாகச் சமாளிக்க வழி உண்டா பாருங்கள். அதற்கும் வழியில்லை, அந்த மைனரின் உடலும் மேலே சொன்ன சோதனைகளில் தேறியது என்றால் மைனரை எடுக்கலாம். எடுத்தால், நாலு சக்கரத்திலும் உள்ள ஆறு பிரேக் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், மூன்று ரப்பர் ஹோஸ், இரு பக்கக் கீழ் ட்ரனியன் எல்லாவற்றையும் புதிதாகப் போட்ட பிறகே அம்மாவை ஏற்றிக்கொண்டு கண்டிக்கு இறங்குங்கள். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் மைனரின் விலையைச் சன்னியின் விலையோடு ஒப்பிட வேண்டும்.